ஓலை சுமந்தவனும் ஓடம் விட்டவளும்

மூவர் சேர்ந்து பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி. வழியைத் தேடுமுன் வழித்துணையைத் தேடிக்கொள் என்பது அரபு மக்களின் பழமொழி. முன்னது தலைமையைப் பற்றியது. பின்னது நம்பிக்கையைப் பற்றியது. இவ்விரண்டும் சரியாக அமைந்த குழு கடலையும் கடக்கும், காட்டையும் கடக்கும். ஆனால் மனிதர் கூடிச் செல்லும் பயணங்களில் அழைக்காமலே வந்து சேர்ந்துகொள்ளும் மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் காதல். அது வந்தபின் நம்பிக்கை என்ன ஆகிறது, தலைமை என்ன ஆகிறது என்பதே சாகசக் கதைகள் அனைத்தின் உள்ளே கிடக்கும் வினா.

இந்த வினாவை வைத்துக்கொண்டு அமரர் கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை ஒருமுறை படித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதற்குக் காரணம் இரண்டு.

முதற்காரணம், நான் வாழும் மண். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே அலைந்தே என் ஆசிரியப் பணி கழிந்திருக்கிறது. அரியலூரிலிருந்து தெற்கே சென்றால் கீழப்பழுவூர். சற்றுத் தள்ளி மேலப்பழுவூர். அதையடுத்துக் கீழையூரில் இரட்டைக் கோயில். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் புழுதி கிளப்பிச் செல்லும் இந்தச் சாலையோரத்து ஊர்கள்தாம் பழுவேட்டரையர்களின் தலைநகர். கதையில் நாம் அஞ்சியும் இரங்கியும் பார்க்கிற அந்தக் கிழச் சிங்கத்தின் குலத்தார் கல்லில் பெயர் பொறித்து வைத்த இடம் இது. கிழக்கே சென்றால், கதை முடிந்த பின் பிறந்து வளர்ந்த இராசேந்திரன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரம். அதுவும் இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது காரணம், ஒரு தந்தையின் கண்டிப்பு. என்னிடம் பயிலும் பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு பழுவூர்க் கோயில்களின் கல்வெட்டுகளைக் காட்டச் சென்றேன். 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்த திரைப்படத்தைப் பார்த்திருந்த அப்பிள்ளைகள், நூலைப் படிக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். நானும் கொடுத்தேன். மறுவாரம் ஒரு பையனின் அத்தா என்னைத் தேடி வந்தார். “ஹஜ்ரத், ஓதிக் கொடுக்கிற நீங்களே காதல் கதையைப் படிக்கச் சொல்லலாமா?” என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். பெற்றவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லித் தப்பித்துக்கொள்வது முறையன்று. ஆகவே இதை எழுதுகிறேன்.

கதையும் வரலாறும்

‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்கள். அதை முடித்த அவ்வாண்டிலேயே, 1954 டிசம்பரில், கல்கி மறைந்தார்.

இதன் மாந்தரில் சுந்தர சோழர், ஆதித்த கரிகாலன், அருள்மொழி, குந்தவை ஆகியோர் வரலாற்றில் உள்ளவர்கள். வல்லவரையர் வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்பதைத் தஞ்சைக் கல்வெட்டு கூறுகிறது. பழுவேட்டரையர் குலமும் மெய்யே. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் கல்கியின் கற்பனைப் பிறவிகள். ஆக, பாதி கல்வெட்டு, பாதி கனவு. படிக்கிறவர் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் கனவைக் கல்வெட்டென்று நம்பிவிடுவர்.

கதை என்றாலே நமக்கு அந்நியம் என்று கருதுவோரும் உளர். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுவேன். தமிழ் நாவல் தவழத் தொடங்கிய காலத்திலேயே, 1885இல், இலங்கையின் சித்திலெப்பை மரைக்காயர் ‘அசன்பே சரித்திரம்’ என்னும் சாகச நாவலை எழுதினார். பள்ளிக்கூடங்கள் நிறுவிய, பத்திரிகை நடத்திய, மார்க்கப் பற்று மிகுந்த பெருமகன் அவர். கதை கெடுக்கும் என்று அவர் அஞ்சவில்லை. எந்தக் கதை, எப்படிப் படிக்கப்படுகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

ஓலை என்னும் அமானிதம்

‘பொன்னியின் செல்வ’னை மக்கள் இரண்டு காரணங்களுக்காக விரும்புகிறார்கள். ஒன்று, அரியணை யாருக்கு என்ற போட்டி. மற்றொன்று, யார் யாரை மணப்பர் என்ற ஆவல். ஆனால் கதை தொடங்குவது அரியணையிலுமன்று, காதலிலுமன்று. ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வருகிற வந்தியத்தேவன், இரண்டு ஓலைகளைச் சுமந்து வருகிறான். ஒன்று தந்தைக்கு, மற்றொன்று தங்கைக்கு. கொடுத்தனுப்பியவன் காஞ்சியிலிருக்கும் ஆதித்த கரிகாலன். இந்த ஓலைகளே கதையின் முதுகெலும்பு என்பது என் துணிபு.

அரபு இலக்கணம் பயின்றவர் அறிவர்: ஈமான் என்னும் சொல்லும், அமான் என்னும் அபயமும், அமானத் என்னும் ஒப்படைப்பும், அமீன் என்னும் நம்பிக்கைக்குரியவனும் ஒரே வேரில் கிளைத்தவை. நம் வீடுகளில் அமானிதம் என்று வழங்குகிறோமே, அதுவே அது. பிறர் நம்மிடம் வைத்துச் சென்ற பொருளை நம்முடையதென்று எண்ணாமல் காத்து, உரிய கையில் சேர்ப்பது.

வந்தியத்தேவன் பொய் சொல்லுகிறவன். இதை மறைப்பதற்கில்லை. கோட்டைக் காவலனிடமும் பொய், கொள்ளிடக்கரையிலும் பொய், சின்னப் பழுவேட்டரையரிடமும் பொய். நந்தினி கொடுத்த பனை முத்திரை மோதிரத்தைக் காட்டி நுழையக் கூடாத இடமெல்லாம் நுழைகிறான். இத்தகையவனை ‘அமீன்’ என்று எப்படிச் சொல்வது என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. பகைவன் கேட்டதற்கெல்லாம் மெய்யுரைப்பது ஒற்றனின் கடமையன்று. போர் என்பது சூழ்ச்சி என்று நமக்கும் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தன்னை அனுப்பியவனிடம் அவன் பொய் சொன்னதில்லை. ஒப்படைத்த ஓலையை விற்றதில்லை. நந்தினி பொன்னையும் பதவியையும் தன் அழகையும் தூண்டிலாக்கிக் காட்டிய போதும் அவன் கை ஓலையை விட்டு நழுவவில்லை. வாயில் விளையாட்டு, கையில் உறுதி: இவ்வளவே வந்தியத்தேவன்.

திருமறையில் மத்யன் நகரத்துப் பெரியவரின் மகளைப் பற்றிய செய்தி நினைவுக்கு வருகிறது. மூஸா (அலை) அவர்கள் கிணற்றடியில் அப்பெண்களின் ஆடுகளுக்கு நீர் இறைத்துக் கொடுத்தபின், அவரைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் ஒரு மகள் சொல்லுகிறாள். அதற்கு அவள் காட்டும் தகுதிகள் இரண்டே: வலிமை, நம்பகம். கவிய், அமீன். பின்னர் எட்டாண்டு உழைப்பு, விரும்பினால் பத்தாண்டு என்ற உடன்படிக்கையோடு திருமணமும் நிகழ்கிறது. இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் உதவி; பிறகு நம்பிக்கை; பிறகே மணம். அழகைப் பற்றிய பேச்சே இல்லை. குந்தவையும் வந்தியத்தேவனை இந்த வரிசையில்தான் ஏற்கிறாள். ஓலையைக் கொண்டுவந்து சேர்த்த பின்னரே அவன் அவள் உள்ளத்தில் இடம் பெறுகிறான். இடம் கொடுத்தபின் அவனை அரண்மனையில் நிறுத்திக்கொள்ளவில்லை. மற்றோர் ஓலையைக் கொடுத்து இலங்கைக்குக் கடல் கடக்க அனுப்புகிறாள். உள்ளம் கவர்ந்தவனை ஆபத்தில் அனுப்பத் துணிகிற பெண்ணைப் படைத்தபோது, கல்கி காதலைவிடப் பெரிய ஒன்றைச் சொன்னார்.

ஓடத்தின் திசை

கோடிக்கரையில் அந்த ஓலைக்காரனுக்கு ஓடம் விடுகிறவள் பூங்குழலி. அவளும் இளவரசனை உள்ளத்தில் வைத்திருப்பவள். தான் கொண்டு செல்கிற தூது தன் ஆசைக்கு உதவாது என்பதை அறியக்கூடியவள். நடுக்கடலில் அவள் மனம் அலைபாய்வதைக் கல்கி மறைக்கவில்லை. அங்கே அவளைத் தடுப்பார் யாருமில்லை. துடுப்பு அவள் கையில். வந்தியத்தேவனுக்கோ நீந்தவும் தெரியாது. ஆயினும் ஓடம் இலங்கைக் கரையைச் சேர்கிறது.

என் கருத்தில் இந்த நூலின் உயர்ந்த காட்சிகளுள் ஒன்று இது. காதல் தவறா சரியா என்று வாதிடுவதை விட்டுவிட்டு, காதல் ஓடத்தின் திசையை மாற்றியதா என்று கேட்டால், ஒவ்வொரு பாத்திரத்தின் தரமும் விளங்கிவிடும்.

இதே அளவுகோலை எங்கள் பழுவூர்ப் பெரியவர்மேல் வைத்துப் பார்ப்போம். பெரிய பழுவேட்டரையர் உடலில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய வீரர். சோழநாட்டின் தனாதிகாரி, அதாவது பொக்கிஷம் அவரிடம் அமானிதம். முதுமையில் நந்தினியை மணந்தார். மணந்தது குற்றமன்று. அவள் மாளிகைக்கு வந்துபோகிற மந்திரவாதி யார் என்று கேட்கத் தயங்கியதுதான் குற்றம். தம்பி காலாந்தககண்டர் எச்சரித்தபோது சினந்து விழுந்ததுதான் குற்றம். சோழர் பொக்கிஷத்துப் பொன், சோழரைக் கருவறுக்கச் சபதம் செய்தவர் கைக்குப் போயிற்று. இங்கே ஓடம் திசை மாறிவிட்டது. அவர் வீரர்தாம், வலிமையில் குறைவில்லை. இரண்டு தகுதிகளில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே சான்று.

ஆதித்த கரிகாலனின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவன் காதலை வென்றவனுமல்லன், காதலுக்குப் பணிந்தவனுமல்லன். நந்தினி மன்றாடியும் வீரபாண்டியனைக் கொன்றுவிட்டு, அந்த நினைவையே சுமந்து திரிகிறான். தன் நெஞ்சையே நம்பாதவன் பிறரை எப்படி நம்புவான்? படை அவனுக்கு அஞ்சியது, அவனோ தனித்திருந்தான். துணையில்லாத் தலைவன் கடம்பூர் மாளிகையில் தனியே மாண்டான்.

மூன்று தூது, ஒரு தலைவன்

பழுவூர்ச் சாலையில் நடந்தபோது மாணவன் ஒருவன் கேட்டான்: “ஹஜ்ரத், கதை முழுவதும் வந்தியத்தேவன் வருகிறான். தலைப்போ அருள்மொழியின் பெயர். திட்டம் போடுகிறவர் குந்தவை. அப்படியானால் இவர்களில் தலைவர் யார்?”

இலங்கைக் காட்சிகளில் விடை இருக்கிறது. அங்கே இளவரசனிடம் மூன்று செய்திகள் வந்து சேருகின்றன. வந்தியத்தேவன் கொண்டுவந்த குந்தவையின் ஓலை, பழையாறைக்கு வா என்கிறது. பார்த்திபேந்திரன் வழியாக வந்த தமையனின் அழைப்பு, காஞ்சிக்கு வா என்கிறது. ஆழ்வார்க்கடியான் கொண்டுவந்த முதலமைச்சர் அநிருத்தரின் செய்தி, இலங்கையிலேயே இரு என்கிறது. மூன்று தூதரும் தத்தம் எஜமானருக்கு உண்மையானவர்கள். மூவரும் ஒருவரையொருவர் முழுதும் நம்பாதவர்கள். அருள்மொழி யாரையும் அதட்டி அடக்கவில்லை. எல்லோரையும் பேச விடுகிறான். இளவரசன் முன்னிலையிலேயே அவர்கள் வாதாடுகிறார்கள். கலந்தாலோசனையின் முதல் நிபந்தனை, மறுத்துப் பேசுகிறவனுக்கு அச்சம் இல்லாமை. நமது மரபில் ஷூரா என்பது இதுதான். எல்லாம் கேட்டபின், தன்னைச் சிறைப்படுத்தி வரும்படி தந்தையின் கட்டளை வந்திருப்பதை அறிந்து, அதற்கே கீழ்ப்படிவதென்று அருள்மொழி முடிவு செய்கிறான். மூன்று ஆலோசனையும் தோற்றன; ஆனால் மூவரும் அவனை விட்டு விலகவில்லை. முடிவு தனக்கு வசதியானதாக இருந்திருந்தால் ஐயம் எழுந்திருக்கும். தனக்கே இடர் தருவதாக இருந்ததால் நம்பிக்கை வளர்ந்தது.

அடுத்து, வந்தியத்தேவன் அவசரப்பட்டு எதிரிகளின் கப்பலில் ஏறி, புயலில் சிக்கிக்கொள்கிறான். பட்டத்துக்குரிய இளவரசன் தன் தூதன் ஒருவனுக்காகப் பெரிய கப்பலை விட்டுப் படகில் இறங்கிக் கடலில் பாய்கிறான். அரசியல் கணக்கில் இது அறிவீனம். குழுவின் கணக்கிலோ இதற்குமேல் தலைமை வேறில்லை. அந்த இருவரையும் கரை சேர்ப்பது யார்? மீண்டும் பூங்குழலியின் ஓடம்.

ஆகவே அந்த மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: கடலில் பூங்குழலி தலைவி, காட்டில் ஆழ்வார்க்கடியான் தலைவன், பழையாறையில் குந்தவை. வழி அறிந்தவரிடம் வழியை ஒப்படைத்துவிடத் தெரிந்தவனே இவர்களுக்கெல்லாம் தலைவன். ஹிஜ்ரத் பயணத்தில் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்ட அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர். பாலைவழி அறிந்தவர், நம்பகமானவர். தலைக்கு விலை பேசப்பட்டிருந்த நேரத்தில் ஒட்டகங்களே அவர் பொறுப்பில் விடப்பட்டன. குழுவென்றால் எல்லோரும் ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும் என்று எண்ணுவோர் இந்த நிகழ்ச்சியைச் சிந்திக்க வேண்டும்.

அமீர் ஹம்ஸாவின் குழு

இத்தகைய குழுக்கதைகள் நம் உலகிலும் உண்டு. பாரசீகத்திலும் உருதுவிலும் அரபியிலும் மலாயிலும் பரவிய அமீர் ஹம்ஸா கதை அவற்றுள் பெரியது. பேரரசர் அக்பர் ஏறத்தாழ 1,400 ஓவியங்களுடன் அதை எழுதுவித்தார். 1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைத் தாக்கியபோது, போருக்கு முந்திய இரவில் வீரர்கள் கேட்க இந்தக் கதை அளிக்கப்பட்டதாக மலாய் வரலாற்று நூல் கூறும். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உஹதுப் போரில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் திருநாமத்தைத் தாங்கியிருந்தாலும், அக்கதையின் பரிகளும் பூதங்களும் அவர்கள் வரலாறல்ல. அதைக் கதையாகவே கொள்ள வேண்டும்.

அக்கதையில் ஹம்ஸா தலைவன். அமர் என்னும் தந்திரக்காரன் தோழன். நௌஷேர்வான் மன்னனின் மகள் மிஹ்ர் நிகார் காதலி. ஹம்ஸா பதினெட்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிக் காஃப் மலைக்குப் போகிறான். பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. அங்கே ஆஸ்மான் பரியையும் மணந்துகொள்கிறான். அவ்வளவு காலமும் மிஹ்ர் நிகாரைக் கோட்டை விட்டுக் கோட்டை மாற்றி, பகைவர் கையில் சிக்காமல் காத்தவன் அமர். அவனும் வந்தியத்தேவனைப் போலப் பொய்யன், வேடதாரி, போதாததற்குக் கஞ்சன். ஆனால் அமானிதத்தில் கை வைக்காதவன். தலைவனின் சொல் தவறியபோது குழுவைக் கட்டிக் காத்தது தோழனின் நம்பகம். அரபு, பாரசீகக் கதைசொல்லிகளும் காவிரிக்கரைக் கல்கியும் ஒரே உண்மையைக் கண்டிருக்கிறார்கள். குழுவின் உயிர் தலைவனின் வாளில் இல்லை. இன்னொருவர் பொருளைத் தன்னதாக்கிக் கொள்ளாத கையில் இருக்கிறது.

கந்தமாறனும் நானும்

நம்பிக்கை முறிவதற்கு இந்த நூலில் மிகக் கொடிய சான்று நந்தினியல்லள், கந்தமாறன். வட எல்லையில் வந்தியத்தேவனோடு காவல் புரிந்த உயிர்த்தோழன். தஞ்சையில் சுரங்க வழியில் பழுவேட்டரையரின் ஆள் அவனை முதுகில் குத்துகிறான். வந்தியத்தேவன் அவனைத் தோளில் சுமந்து சேந்தன் அமுதனின் குடிசைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறான். கண் விழித்த கந்தமாறனோ, குத்தியவன் வந்தியத்தேவனே என்று நம்பிவிடுகிறான். சுமந்த தோளையே குத்திய கையென்று எண்ணுவது! இளமையில் படித்தபோது இவ்வளவு மூடனும் உண்டோ என்று சிரித்தேன். பின்னர் சிரிக்க முடியவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரில் நண்பர்கள் மூவர் சேர்ந்து ஒரு படிப்பகம் நடத்தினோம். சந்தாப் பணம் ஒருவர் பொறுப்பில் இருந்தது. கணக்கில் ஒரு தொகை குறைந்தது. யாரோ சொன்ன சொல்லைக் கேட்டு, நான் அவரை ஐயுற்றேன். வாய் திறந்து கேட்கவுமில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது கேள்வியைவிடக் கொடியது. அவர் வெளிநாடு போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பழைய பற்றுச்சீட்டுகளை ஒழுங்குபடுத்தியபோது, நூல்களைக் கட்டடம் செய்யக் கொடுத்த தொகைக்கான சீட்டு கிடைத்தது. அதில் எழுதியிருந்தது குறைந்த அதே தொகை. நூல்கள் என் கண்முன் அலமாரியில் நின்றிருந்தன. கட்டடம் செய்தவன் கூலி கேட்டிருப்பான் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அவர் விடுப்பில் வந்தபோது போய் மன்னிப்புக் கேட்டேன். “அதை அப்போதே மறந்துவிட்டேன், விடுங்கள்” என்றார். மெய்யாகவே மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். ஆனால் அதன்பின் அவர் படிப்பகத்தின் படி ஏறியதில்லை.

நம்பிக்கை உடைவதற்கு ஒருவன் துரோகி ஆக வேண்டியதில்லை. மற்றவன் அவசரப்பட்டால் போதும். கந்தமாறனைப் படைத்த கல்கி இதை அறிந்திருந்தார்.

குறைகளும் உண்டு

புகழ்ந்து மட்டும் நிறுத்தினால் இது திறனாய்வு ஆகாது. என் மனத்துக்கு ஒவ்வாதவை நான்கு.

முதலாவது, தற்செயல். வந்தியத்தேவன் போகிற இடமெல்லாம் திரை மறைவில் இரகசியம் பேசப்படுகிறது. வேண்டியபோது ஓடமும் யானையும் வருகின்றன. தொடர்கதைக்கு இது வாரந்தோறும் விறுவிறுப்பூட்டும். ஆனால் உழைத்துப் பெற வேண்டிய நம்பிக்கையை அதிர்ஷ்டம் தூக்கிக் கொடுப்பது போலாகிவிடுகிறது.

இரண்டாவது, பெண்கள் கொடுத்த விலை. பூங்குழலியின் உள்ளம் சேந்தன் அமுதன்பால் திரும்புவது கதைக்கு வசதியாக விரைந்து நிகழ்கிறது. நூலின் கடைசி மரணம் மணிமேகலையுடையது. வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கொலைப்பழியையே தன்மேல் போட்டுக்கொள்ள முன்வந்த பேதைப் பெண். கைம்மாறு எதிர்பாராமல் ஓடம் விட்டவர்களுக்கு ஆசிரியர் இன்னும் சற்று நியாயம் செய்திருக்கலாம்.

மூன்றாவது, கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதை மூடுமந்திரமாக்கியது. பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்று உயிர் விடுகிறார். ஆயினும் ஐயம் தெளிவதில்லை. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டோ, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் எனத் துரோகிகளின் பெயரைச் சொல்லுகிறது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில்தான் அவர்தம் உடைமைகள் பற்றிய அக்கட்டளை பிறந்தது. இடைப்பட்ட உத்தம சோழர் காலத்து மௌனத்தைக் கண்டு, நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மேலேயே ஐயம் கொண்டார். கல்கி அந்தக் கசப்பான வினாவைத் தவிர்த்துவிட்டார். உத்தமனைக் களங்கமற்றவனாக்கினால்தானே அருள்மொழியின் விட்டுக்கொடுத்தல் ஒளிரும்! சிற்றப்பன் விரும்பும்வரை அரசை வேண்டாமென்று அருள்மொழி இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வது மெய்தான். அந்த விதையைப் பயிராக்கியது கல்கியின் திறம். களையைக் காட்டாமல் விட்டது அவர் குறை.

நான்காவதே பெரிது. பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளும் நம்பகமானவர்கள்தாமே? இரவிதாசன் கூட்டத்தில் காட்டிக்கொடுப்பவன் இல்லை. மாண்ட மன்னனுக்குச் செய்த சபதத்தை அவர்கள் மறக்கவில்லை. அமானிதமே அளவுகோல் என்றால் அவர்களையும் போற்ற வேண்டாமா? இவ்வினாவைக் கல்கி எழுப்பாமலே கடந்து போகிறார்; நாம் கடந்து போகக் கூடாது. எனக்குத் தோன்றும் விடை இது: அந்தக் கூட்டத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்ல ஒருவருக்கும் உரிமையில்லை. நந்தினியின் துயரம் அவர்களுக்கு ஆயுதம். அவள் தயங்கினால் சபதத்தை நினைவூட்டி விரட்டுகிறார்கள். ஒருவரையொருவர் காப்பதற்காக அமைந்த நம்பிக்கை வேறு. ஒருவரையொருவர் பிணைத்து வைப்பதற்காக அமைந்த நம்பிக்கை வேறு. முன்னதில் தலைவன் தோழனுக்காகக் கடலில் குதிக்கிறான். பின்னதில் தலைவர்கள் ஒரு பெண்ணின் கையில் வாளைக் கொடுத்துவிட்டு இருளில் காத்திருக்கிறார்கள்.

அந்தத் தந்தைக்கு

இனி, கவலையோடு வந்த அந்தத் தந்தையிடம் திரும்புகிறேன். உங்கள் மகன் இன்று பள்ளியில் ஒரு குழுவில் இருக்கிறான். நாளை கல்லூரியில், தொழிலில், அயல்நாட்டில் பத்துப் பேர் கூடித் தங்கும் ஓர் அறையில் இருப்பான். அங்கே ஒருவன் தலைமை தாங்குவான். ஒருவர் பணம் ஒருவரிடம் இருக்கும். ஒருவன் உள்ளம் ஓரிடத்தில் சாயவும் சாயும். இவற்றையெல்லாம் நாம் தடுத்துவிட முடியாது. உள்ளம் சாய்ந்தபோதும் கையிலுள்ள ஓலை சேர வேண்டிய இடத்தில் சேர வேண்டும் என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். அதை நான் வெறும் உபதேசமாகச் சொன்னால் கொட்டாவி விடுகிறான். பூங்குழலியின் ஓடத்தில் ஏற்றிச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறான்.

ஆகையால் நூலை அவனிடமிருந்து பறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவன் படித்து முடித்தபின் மூன்று கேள்விகள் கேளுங்கள். இவர்களில் யாரிடம் உன் அமானிதத்தை ஒப்படைப்பாய்? யார் பின்னால் பயணம் போவாய்? கந்தமாறனின் இடத்தில் நீ இருந்தால் குற்றம் சாட்டுமுன் என்ன செய்திருப்பாய்?

முதல் இரண்டுக்கும் அவன் தவறாக விடை சொன்னாலும் பாதகமில்லை, வயது திருத்திவிடும். மூன்றாவதற்கு மட்டும் சரியான விடை சொல்லும்வரை விடாதீர்கள். அதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை, எங்கள் படிப்பகத்தில் ஒரு நாற்காலி இன்றுவரை காலியாக இருப்பது.